"ஏன் இந்த தொழில் பண்றீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது: சொந்தக் கதை வழியா தொழிலோட நோக்கத்தை சொல்ல முழு வழிகாட்டி

நான் மரச்செக்கு எண்ணெய் கடை வச்சிருக்கேன். எங்க கடையோட கதைய சரியா சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, நாலு தடவை எழுதி கிழிச்சு, நடுவுல ரெண்டாயிரம் லேபிளை வீணாக்கி (அது கடைசியில வரும்) ஒரு வழியா ஒரு பதத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் இட்லிப்பொடி விக்கிற ஒரு அக்கா, தறி ஓட்டுற ஃப்ரெண்டு, டூவீலர் மெக்கானிக் ஒருத்தர்னு பத்து பன்னெண்டு பேர்கூட உக்காந்து அவங்கவங்க கதைய எடுத்து குடுத்திருக்கேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்துலதான் வழுக்குறாங்க. பேனாவ எடுத்து முதல்ல எழுத உக்காந்துடுறாங்க. எழுதுறது இதுல அஞ்சாவது வேலைங்க. முதல் நாலையும் விட்டுட்டு அதுக்கு தாவுனா வர்றது கல்யாண பத்திரிகை வாசகம் மாதிரிதான் இருக்கும்.

## 1. உக்கார்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் போதும், வேற மைக் எல்லாம் வேண்டாம். அதோட தொழில் ஆரம்பிச்ச காலத்து பேப்பர் என்ன இருந்தாலும் தேடி எடுங்க, முதல் பில் புக், கடன் நோட்டு, அட்வான்ஸ் குடுத்த ரசீது, பழைய போட்டோ. ஏன்னா நம்ம ஞாபகம் நல்லா கதை கட்டும். செக்குக்கு முன்னாடி நான் வச்சிருந்த மளிகைக்கடைய தீபாவளிக்கு முன்னாடியே மூடிட்டேன்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு திரிஞ்சேன், நோட்ட புரட்டி பாத்தா பொங்கல் தாண்டியும் கணக்கு ஓடியிருக்கு. சின்ன விஷயம்தான், ஆனா அந்த தெருவுல இருந்தவங்க கேட்டா "இவன் சொல்றதே தப்பு"ன்னு மீதியவும் நம்ப மாட்டாங்க.

மூணாவதா ஒரு ஆள் வேணும். உங்க தொழில பத்தி ஒண்ணும் தெரியாத, ஆனா "அப்புறம்?"னு கேக்க தெரிஞ்ச ஆள். வீட்டுக்காரங்களை முதல் தடவை உக்கார வைக்காதீங்க. "அதெல்லாம் எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு"ன்னு நல்ல இடத்துலயே நிறுத்திடுவாங்க. டிசைனர் பையனையும் இப்ப கூப்பிட வேண்டாம், அவர் வந்தா பேச்சு கதைய விட்டு கலருக்கு போயிடும்.

## 2. நட்டமானாலும் விடாத பழக்கம் என்னன்னு எழுதுங்க

நோக்கம் என்னன்னு நேரா கேட்டா யாருக்கும் பதில் வராது. வந்தாலும் "தரம், ஆரோக்கியம், வாடிக்கையாளர் திருப்தி"ன்னு வரும், அது பக்கத்து கடைக்கும் பொருந்தும் எதிர் கடைக்கும் பொருந்தும். அதனால கேள்விய மாத்திக்கோங்க: காசு போனாலும் நீங்க விட முடியாம செய்யிற வேலை எது? மூணு எழுதுங்க.

பொடி அக்காகிட்ட முதல்ல நோக்கம் கேட்டப்ப "சுவை, சுத்தம்"னாங்க. நட்டம் எதுலன்னு கேட்டதும் யோசிக்கவே இல்ல, "மிளகாய காம்பு கிள்ளாம மிஷினுக்கு அனுப்ப மாட்டேன், கிள்ளுற கூலியே ஒரு நாளைக்கு 400 ரூபா போகுது, எங்க வீட்டுக்காரர் அதுக்காகவே என்னோட சண்டை"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டாங்க. மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் நல்லா இருந்துச்சு. கழட்டுன பழைய பார்ட்ஸ் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வண்டியோட சேத்து கஸ்டமர் கையில குடுத்துடுவாராம். பழைய இரும்புக்கு போட்டா மாசம் ஒரு தொகை வரும், அது வேண்டாம்ங்கிறார்.

எங்களோட மூணு: ஈரம் காயாத கடலை வந்தா வண்டியோட திருப்பி அனுப்பிடுவோம். ஆட்டுன எண்ணெய் தெளியிற வரைக்கும் விக்க மாட்டோம். எங்க வீட்டுக்கு போற கேனும் கடையில விக்கிற கேனும் ஒரே டிரம்ல பிடிச்சது.

பெரிய இடத்துலயும் இதே அளவுகோல்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைய எடுத்துக்கோங்க, அரசு வேலையில இருந்து 58 வயசுல ரிட்டையர் ஆன டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. காசு குடுக்கிற நோயாளிங்க மூலமா வர்ற வருமானத்துல காசு இல்லாதவங்களுக்கும் ஆபரேஷன் நடக்குது. அவங்க நோக்கம் என்னன்னு போர்டு வச்சு சொல்ல வேண்டியதில்ல, பணம் எந்த பக்கம் போகுதுன்னு பாத்தாலே தெரிஞ்சுடுது.

மூணுல ஒண்ணு கூட எழுத வரலன்னா? அப்ப இன்னும் கதை இல்லைன்னு அர்த்தம். அது தப்பில்ல, ஒழுங்கா பொருளை வித்துட்டு இருங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க. இல்லாததை உண்டாக்குறதுதான் தப்பு.

## 3. அந்த பழக்கம் எந்த நாள்ல ஆரம்பிச்சுதுன்னு பின்னாடி போங்க

இப்ப அந்த மூணையும் ஒவ்வொண்ணா எடுத்து, "இப்படி செய்யாம இருந்த காலம் உண்டா, எது நடந்து மாறுனீங்க?"ன்னு அந்த "அப்புறம்" ஆளை கேக்க சொல்லுங்க. பின்னாடி இருந்து வர்றதுக்கு காரணம் இருக்கு. முன்னாடி இருந்து, அதாவது சின்ன வயசுல இருந்து வந்தீங்கன்னா ஆயிரம் சம்பவம் கிடைக்கும், எது இந்த தொழிலுக்கு சொந்தம்னு தெரியாது. பழக்கத்துல இருந்து கயித்த பிடிச்சுட்டு பின்னாடி போனா நேரா அந்த ஒரு நாள்ல போய் நிக்கும்.

எனக்கு நின்ன இடம் இது. மளிகைக்கடை வச்சிருந்தப்ப ஒரு சாயங்காலம், மாமியார் ஊர்ல இருந்து பஸ்ல வந்த செக்கெண்ணெய் கேனை வண்டி கேரியர்ல கயிறு போட்டு கட்டிட்டு இருந்தேன். அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட் வாங்கிட்டு கிளம்புன ஒரு பாட்டி நின்னு கேனை பாத்தாங்க. மூடிய சுத்தி பழைய துணி, அதுல எண்ணெய் கசிஞ்சு வாசம் வேற. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. பக்கத்துல நின்ன இன்னொரு அம்மாகிட்ட, "கடைக்காரனே கடை எண்ணெய திங்க மாட்டேங்கிறான் பாரு"ன்னு சொல்லிட்டு பாக்கெட்ட பையில போட்டுட்டு போயிட்டாங்க. திருப்பி குடுத்திருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி வீட்ல தோசை சுடுறப்ப அந்த எண்ணெய் வாசம் வந்தாலே அந்த குரல் கேட்டுச்சு.

நாலு எழுதி கிழிச்சேன்னு சொன்னேன்ல, அந்த நாலுலயும் இந்த பாட்டி இல்ல. எனக்கு அது அவமானம், அதை போய் யாராவது விளம்பரத்துல போடுவாங்களான்னு நினைச்சேன். அதைத்தான் போடணும்னு புரியத்தான் ஒன்றரை வருஷம்.

சரியான சம்பவமான்னு பாக்க நான் வச்சிருக்க அடையாளம்: ஒரு இடம் இருக்கும், ஒரு வேளை இருக்கும், யாரோ சொன்ன ஒரு வார்த்தை அப்படியே காதுல இருக்கும், நமக்கு கொஞ்சம் கூசும். கூசலன்னா பெரும்பாலும் அது வேற கதை.

சம்பவம் பெருசா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனிய ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் சொல்ற கதை ஒரு டிவி ஒடஞ்ச கதைதான். அமெரிக்காவுல இருந்து சென்னைக்கு சாமான் மாத்தினப்ப டிவி ஒடஞ்சு வந்துச்சு, இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைஞ்சும் நடக்கல, மத்தவங்க படிக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல புலம்புனதும் பணம் வந்துடுச்சு. வாடிக்கையாளர் குறைய கேக்குற சாஃப்ட்வேர் விக்க கிளம்புனவருக்கு இத விட என்ன வேணும். குறைஞ்ச செலவுல நாப்கின் செய்யிற மிஷின கண்டுபிடிச்ச கோயம்புத்தூர் முருகானந்தம் கதையும் அப்படித்தான், மனைவி பின்னாடி எதையோ மறைச்சு எடுத்துட்டு போனத பாத்து என்னன்னு கேட்டது, அது பழைய துணின்னு தெரிஞ்சது, நாப்கின் வாங்குனா வீட்டு பால் செலவுல கை வைக்கணும்னு அவங்க சொன்னது. ஒரு வீட்டுக்குள்ள நடந்த ரெண்டு நிமிஷ பேச்சு. 2016ல பத்மஸ்ரீ வாங்கினது அந்த கதையில இல்லாட்டியும் கதைக்கு ஒரு குறையும் வராது.

## 4. எழுதாதீங்க, வாயால சொல்லுங்க

ரெக்கார்டர ஆன் பண்ணி அந்த ஆளுக்கு சொல்லுங்க. மூணு தடவை, முடிஞ்சா வேற வேற நாள்ல. எல்லா தொழில்காரங்களுக்கும் இது நல்லதுதான், ஆனா தமிழ்ல எழுதுற நமக்கு கட்டாயம், ஏன்னா நமக்கு பேசுற தமிழ் வேற, பேப்பர எடுத்ததும் வர்ற தமிழ் வேற. பேச்சுல "கேனை பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சாங்க"ன்னு சொன்ன அதே ஆள் எழுத உக்காந்தா "வாடிக்கையாளர்களின் நம்பிக்கையே எங்கள் மூலதனம்"னு எழுதுறான். நானும் அப்படித்தான் எழுதினேன், என் முதல் வரி "பாரம்பரியமிக்க முறையில் தலைமுறைகளின் நலன் கருதி". இத யாரு சொன்னான்னே எனக்கு தெரியல, எங்க வீட்ல யாரும் இப்படி பேச மாட்டாங்க.

மூணு தடவை எதுக்குன்னா, மூணு தடவையும் மாறாம வர்ற துண்டுதான் கதையோட எலும்பு. எனக்கு கேரியர், கயிறு, பாட்டி சொன்ன வாக்கியம் மூணும் ஒவ்வொரு தடவையும் வந்துச்சு. கடை வாடகை பத்தின புலம்பல் ஒரு தடவைதான் வந்துச்சு, அதனால போயிடுச்சு.

இங்க்லீஷ்ல சொல்ல வேண்டிய இடம் வந்தாலும் இதே வழிதான். முருகானந்தம் மேடையில பேசுறத பாத்திருப்பீங்க, இலக்கணம் எல்லாம் அங்கங்க தடுக்கும், யாருக்கும் அது பிரச்சினையா படல, கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்துல சிரிக்குது.

## 5. இப்ப எழுதுங்க, ஆனா பிறந்த ஊர்ல ஆரம்பிக்காதீங்க

ரெக்கார்டிங்க கேட்டு அப்படியே டைப் பண்ணுங்க. அப்புறம் முதல் வெட்டு ஆரம்பத்துலதான். புதுசா எழுதுறவங்க நூத்துக்கு தொண்ணூறு பேர் "நான் ஒரு சாதாரண விவசாய குடும்பத்தில் பிறந்தேன்"னு ஆரம்பிக்கிறாங்க. விவசாய குடும்பத்துல பிறந்தது பெருமைதான், ஆனா படிக்கிறவங்க விரல் அடுத்த போஸ்ட்டுக்கு போயிடும். சம்பவம் நடக்குற இடத்துலயே கதவ திறங்க. எனக்கு "வண்டி கேரியர்ல கேனை கட்டிட்டு இருந்தேன்".

வரிசை இப்படி வச்சா சிக்கல் கம்மி: என்ன நடந்துச்சு, அதனால நான் என்ன பண்ணேன், அதுக்கு எனக்கு என்ன போச்சு, அதனால இன்னைக்கு கடையில என்ன நடக்குது. மூணாவத நிறைய பேர் தாண்டிடுறாங்க. என்ன போச்சுன்னு சொல்லலன்னா கேக்கறவங்களுக்கு "சும்மா லாபம்னு மாறியிருப்பான்"னு தோணும், அதுல தப்பும் இல்ல. நான் மளிகைக்கடை அட்வான்ஸ திருப்பி வாங்கி அதுல ஒரு பழைய வாகை மரச்செக்கு எடுத்தேன், முதல் ஆறு மாசம் எண்ணெய் வித்ததை விட புண்ணாக்கு வித்து ஓட்டுன நாள் அதிகம். அந்த புண்ணாக்கு வரி சொன்னா எல்லாரும் ஒரு தடவை சிரிப்பாங்க, அதனாலயே அது நிக்குது.

நீளம் நூறு வார்த்தை பக்கம் வரட்டும், நிதானமா பேசினா ஒரு நிமிஷம். இத விட பெருசு பின்னாடி தேவைப்பட்டா நீட்டிக்கலாம், நீட்டுறது சுலபம்.

எழுதி முடிச்சதும் "நான்" எத்தனை தடவை வருதுன்னு எண்ணி பாருங்க, பாதிய குறைங்க. அதோட "சாதிச்சேன்", "போராடி", "கனவு" மூணையும் அடிச்சுடுங்க. இந்த மூணும் கேக்கறவங்க நம்மள பத்தி சொல்ல வேண்டிய வார்த்தை.

## 6. பொய்யும் சட்டமும்: இந்த படிய தாண்டாதீங்க

எண்ணெய், மாவு, பொடி, தேன், மூலிகைன்னு சாப்பிடற பொருள் விக்கிறவங்க இத ரெண்டு தடவை படிங்க. நம்ம ஊர்ல சொந்தக் கதை எடுத்தா பாதி "எங்க அப்பாவுக்கு சுகர் 300 இருந்துச்சு, இத சாப்பிட்டு குணமாச்சு, அதான் ஊருக்கே குடுக்கலாம்னு"ன்னு போகும். அவங்க வீட்ல அது நெஜமாவே நடந்ததா நினைக்கிறாங்க, பொய் சொல்றதா அவங்களுக்கு தோணுறதே இல்ல. ஆனா சர்க்கரை நோய், கேன்சர் மாதிரி நோய்களை குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றத தடுக்குற சட்டம் 1954லயே வந்தாச்சு. உணவுப் பொருள் நோய தடுக்கும், குணமாக்கும்னு சொல்லக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்ப பாத்துக்கிற மத்திய அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2018 விளம்பர விதிகள்லயும் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்ப பண்ணா 50 லட்சம் வரைக்கும். வீட்டு வாசல்ல மாவு அரைச்சு விக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

"இது சொந்தக் கதைதானே, விளம்பரம் இல்லையே"ன்னு கேப்பாங்க. பொருள் பக்கத்துல வச்சு சொன்னா விளம்பரம்தான். அதனால நோய்க்கு பதிலா உங்க பழக்கத்துல கதைய நிறுத்துங்க. "அப்பாவுக்கு டாக்டர் சாப்பாட்டு லிஸ்ட் குடுத்தாரு, கடையில கிடைச்ச மாவுல என்ன கலந்திருக்குன்னே பாக்கெட்ல தெரியல, அதான் நான் கலக்குற பன்னெண்டு தானியத்தையும் அளவோட எழுதுறேன்" இது போதும். கதையும் நல்லா இருக்கு, நோய் குணமாகும்ங்கிற பேச்சே இல்ல, பாக்கெட்ல அளவு எழுதுறதுங்கிற நட்டமான பழக்கமும் (பக்கத்து ஆள் காப்பி அடிப்பாரு) வெளிய தெரியுது.

அடுத்தது பாட்டி. இல்லாத பாட்டிய உருவாக்காதீங்க. "பாட்டி கைப்பக்குவம்"னு பேரு வச்சு மிஷின்ல அரைக்கிற பொடி கடைக்கு ரெண்டு இருக்கு. வாங்குறவங்களுக்கு தப்பான எண்ணம் வர்ற மாதிரி வீட்டுத் தயாரிப்புன்னு போடுறதும் அந்த 2018 விதியில ஆகாது. பாட்டி செஞ்சாங்கன்னா சொல்லுங்க, மிஷின்னா மிஷின்னு சொல்லுங்க, மிஷினுக்கும் கதை உண்டு.

## 7. கதையில வர்ற ஆளுங்ககிட்ட கேட்டுட்டு சொல்லுங்க

நம்ம கதையில எப்பவும் இன்னொருத்தர் இருப்பாங்க, அவங்க கடன், அவங்க நோய், அவங்க கோவம். மெக்கானிக் அண்ணன் கதையில அவரோட அப்பா வர்றார், டிரைவரா இருந்தவர், மாத்தாத பார்ட்டுக்கு பில் கட்டி ஏமாந்தவர். அப்பா உயிரோட இருக்கார். கேக்காமயே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டார், அப்பா ரெண்டு வாரம் பேசல. "நான் ஏமாந்தவன்னு ஊருக்கு காட்டிட்டான்"னு வருத்தம். அப்புறம் அவரையே உக்கார வச்சு கேட்டு, "பில்லை வாங்கி பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது"ன்னு அவர் வாய்மொழியாவே மாத்துனோம். கதை முன்ன விட நல்லா வந்துச்சு.

ஏமாத்துன வொர்க்ஷாப் பேரு? வேண்டவே வேண்டாம். பேர் போட்டா கதை சண்டையா மாறிடும், நோக்கம் காணாம போயிடும், வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் வரும். பாட்டி கதையில நானும் பேர் சொல்றதில்ல, அவங்க இப்ப இல்ல, பேத்திகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன்.

## 8. கதையில சொன்னது கடையில கண்ணுக்கு தெரியணும்

இத செஞ்சு முடிக்கிற வரைக்கும் கதைய எங்கயும் வெளியிடாதீங்க. கேட்டுட்டு வர்ற ஆள் முதல்ல தேடுறது அதைத்தான். எங்க கடையில டிரம்முக்கு பக்கத்துல எங்க வீட்டு கேன் இருக்கும், மூடியில என் பொண்ணு பெயிண்ட்ல கிறுக்குன பேரு இருக்கும். கதை கேட்டவங்க வந்து "இதான் உங்க வீட்டு கேனா?"ன்னு தொட்டு பாக்குறாங்க. பொடி அக்கா காம்பு கிள்ளுற இடத்த உள் ரூம்ல இருந்து வாசல் திண்ணைக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான் செஞ்சது, செலவு பூஜ்யம். மெக்கானிக்குக்கு அந்த பழைய பார்ட்ஸ் கவரே போதும்.

தறி ஃப்ரெண்டு இங்கதான் மாட்டினான். "ஒவ்வொரு சேலைக்கும் நெசவாளர் பேரு போடுவோம்"னு கதையில சொல்லிட்டான், பொங்கல் ஆர்டர் வந்தப்ப அவசரத்துல பேர் சீட்டு இல்லாமயே இருபது சேலை போயிடுச்சு. ரெண்டு பேர் போன் பண்ணி கேட்டாங்க. கதை இல்லாம இருந்திருந்தா யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க. தினமும் செய்ய முடியாததை கதையில சேக்காதீங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

## 9. அஞ்சு பேர்கிட்ட சொல்லி, திருப்பி சொல்ல சொல்லுங்க

"எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் சூப்பர்னு சொல்லிடுவாங்க, நம்ம ஆளுங்க முகத்துக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்க. கதைய ஒரு தடவை சொல்லிட்டு, மறுநாள் போன் பண்ணி "நேத்து நான் சொன்னத உங்க வீட்ல யாருக்காவது சொல்ற மாதிரி எனக்கு சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவங்க விட்டது தேவையில்லாதது. அவங்க சேத்து சொன்னதை கவனிங்க, அங்க உங்க கதை தெளிவா இல்லன்னு அர்த்தம்.

என் கதைய கேட்ட அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட வாகை மரத்த திருப்பி சொல்லல. எனக்கு ரொம்ப பிடிச்ச வரி, செக்கு பத்தி அவ்வளவு தேடி படிச்சு சேத்தது. எடுத்துட்டேன். அஞ்சு பேரும் சொன்னது "கடைக்காரனே கடை எண்ணெய திங்க மாட்டேங்கிறான்". அதுல ஒருத்தர் மட்டும் பாட்டி பாக்கெட்ட மூஞ்சியில வீசிட்டு போனதா சேத்துக்கிட்டார், அதனால "பையில போட்டுட்டு போயிட்டாங்க"ன்னு அழுத்தி சொல்ல ஆரம்பிச்சேன். வீசியிருந்தா கதை சினிமாவா போயிருக்கும்.

## 10. மூணு அளவுல வெட்டி வச்சுக்கோங்க

ஒரு நிமிஷ கதை தயார். அதுல இருந்து ஒத்த வரி ஒண்ணு, நாலஞ்சு வரி ஒண்ணு எடுத்து வச்சுக்கணும், ஒவ்வொரு இடத்துலயும் உக்காந்து சுருக்கிட்டு இருந்தா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வந்துடும். இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150 எழுத்து, வாட்ஸ்அப் பிசினஸ் விவரத்துக்கு 512, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு 750.

இங்க தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு கண்ணி இருக்கு, யாரும் முன்னாடி சொல்றதில்ல. கம்ப்யூட்டர் புள்ளியவும் கொம்பையும் தனித்தனியா எண்ணும். "எண்ணெய்" நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, அதுக்கு ஏழு. அதனால 150ன்னு இருந்தா நமக்கு தொண்ணூறு பக்கம்தான் இருக்குன்னு வச்சு எழுதுங்க. இல்லன்னா கடைசி வார்த்தை பாதியில நின்னு அசிங்கமா இருக்கும்.

ஒத்த வரியில சம்பவத்த திணிக்காதீங்க, பழக்கத்த மட்டும் வைங்க. எங்களது "எங்க வீட்டு கேனும் உங்க கேனும் ஒரே டிரம்ல." படிச்சவங்க "ஏன் இப்படி சொல்றாங்க"ன்னு கேட்டா கதை சொல்ல வாய்ப்பு வந்துடுச்சு. நாலஞ்சு வரியில பாட்டி வரணும், அட்வான்ஸ், புண்ணாக்கு எல்லாம் ஒரு நிமிஷ கதையில இருந்தா போதும்.

## 11. எங்க, எந்த வரிசையில சொல்றது

முதல்ல உங்க கடையில வேலை பாக்குறவங்களுக்கு சொல்லுங்க. கஸ்டமர் பாதி நேரம் அவங்ககிட்டதான் பேசுறாங்க. அவங்களுக்கு தெரியலன்னா "ஓனர் ஏதோ சொல்வாரு"ன்னுடுவாங்க. மனப்பாடம் பண்ண சொல்லாதீங்க, அவங்க பாஷையில சொல்லட்டும்.

அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், அது ஒரு நாள்ல போயிடும், தப்பு இருந்தா மாத்திக்கலாம், யார் பதில் போடுறாங்கன்னும் தெரியும். அதுக்கப்புறம் இன்ஸ்டா, கூகுள், வெப்சைட். மேடை, பேட்டி எல்லாம் அதுக்கும் பின்னாடி.

ஒரு இடத்துல மட்டும் கதைய எடுக்கவே எடுக்காதீங்க: விலை ஏன் ஜாஸ்தின்னு கேக்குற இடத்துல. அங்க கதை சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கும். அங்க கணக்கு சொல்லணும். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டரை கிலோ பருப்பு பக்கம் போகுது, பருப்பு இன்னைக்கு இன்ன விலை, ஆட்டுக்கூலி இவ்வளவு, புண்ணாக்குல இவ்வளவு திரும்பி வருதுன்னு ஒரு துண்டு பேப்பர்ல போட்டு காட்டுங்க. கணக்க பாத்துட்டு வாங்குறவர் வாங்குவார், வேண்டாம்னு போறவர கதை சொல்லி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. கணக்க பாத்து முடிச்சவர் கேனை காட்டி "அது என்னங்க பேர் கிறுக்கியிருக்கு?"ன்னு கேட்டா அப்ப சொல்லுங்க.

பிரிண்ட் அடிக்கிறத மட்டும் எல்லாத்துக்கும் கடைசியா வைங்க, ஸ்டேட்டஸ்ல ரெண்டு மூணு மாசம் ஓடி, வார்த்தை மாறுறது நின்னதுக்கப்புறம். நான் பண்ணது நேர் எதிர். முதல் எழுத்து முடிஞ்ச வாரமே பிரஸ்ல குடுத்துட்டேன், அந்த "தலைமுறைகளின் நலன் கருதி" வாசகத்தோட, மேல செக்கு சுத்துற மாடு படம் வேற. எங்க செக்கு கரண்ட்ல ஓடுறது. முதல் நாளே ஒரு சின்னப் பையன் கடைக்குள்ள எட்டி பாத்துட்டு "மாடு எங்க அங்கிள்?"ன்னு கேட்டான். மீதி லேபிள் பரண்ல கட்டுக் கட்டா இருக்கு, பின்பக்கம் வெள்ளையா இருக்கறதால அந்த கணக்கு துண்டெல்லாம் இப்ப அதுலதான் எழுதி குடுக்குறோம்.